பாடசாலை மேடையும் நாட்டுக்கூத்தும்: புத்தளக் கரையை நடுவாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மேற்குக் கரையிலே, புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையில், ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கற்பிட்டித் தீபகற்பமாகும். நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் இடையே கடலோரமாக அமைந்துள்ள ஊர் ஆலங்குடா. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் இப்பகுதி மக்களின் பழந்தொழில்கள். இவ்வூருக்கு வடக்கே கடல்வழியே சென்றால் மன்னார். தெற்கே சென்றால் உடப்பு, முன்னேசுவரம், சிலாபம். அவற்றுக்கும் அப்பால் நீர்கொழும்பு. தமிழ் நாட்டுக்கூத்தைப் பற்றி எழுதுவோர் மட்டக்களப்பையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் விரித்துரைத்துப் புத்தளக் கரையை ஓரிரு சொற்களாற் கடந்து செல்வதே வழக்கம். ஆயினும் ஊர்க் களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, பல்கலைக்கழகத்துக்கும் பின்னர்ப் பாடசாலை மேடைக்கும் எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வார்க்கு இக்கரை இன்றியமையாத ஓரிடமாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கூத்தின் இயல்பைச் சுருங்கக் காண்போமாயின், அது பாட்டும் ஆட்டமும் ஒன்றாய்க் கலந்த நாடகம் என்பது விளங்கும். பாத்திரங்கள் பாடியே பேசும். ஆடியே அரங்குக்கு வரும். மட்டக்களப்பிலே இது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகளைக் கூறும். தென்மோடியிலே காதலும் கற்பனையும் மிக்க கதைகள் பெரிதும் இடம்பெறும். கூத்தைப் பழக்குபவர் அண்ணாவியார். அவரே மத்தளம் அடிப்பார். அவரே பாட்டின் இராகத்தையும் ஆட்டத்தின் தாளக்கட்டையும் சொல்லிக் கொடுப்பார். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானிப்பவரும் அவரே. ஆளுக்கு ஆள் பாட்டை எழுதிக் கொடுக்கும் ‘சட்டங் கொடுத்தல்’ முதலாகச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்பன கடந்து அரங்கேற்றம் வரை பல மாதங்கள் செல்லும். வயல் வேலை முடிந்த இரவுகளில் ஊரவர் கூடிப் பழகுவர். அரங்கேற்ற நாளிலே வட்டமாக அமைந்த களரியைச் சூழ ஊர் முழுவதும் அமர்ந்திருக்கும். ஆடுவோனும் பார்ப்போனும் ஒரே ஊரவர், பெரும்பாலும் உறவினர். ஆகவே கூத்து என்பது ஓர் இரவுக் காட்சி மட்டுமன்று. பல மாதக் கல்வியின் நிறைவுமாகும். பாடசாலைக்கும் கூத்துக்கும் உள்ள உறவை ஆராயும்போது இவ்வுண்மை மறக்கத்தக்கதன்று.

கூத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் இசைநாடகம் இதனின் வேறானது. அது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோராற் செழுமை பெற்றுத் தென்னிந்திய நாடகக் குழுக்கள் வாயிலாக இலங்கைக்கு வந்தது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரன் மயான காண்டத்தை நடித்துப் பெரும்புகழ் பெற்றது அம்மரபிலேயே. அதில் இசையே தலைமை பெறும், ஆட்டம் இல்லை. கூத்திலோ ஆட்டமின்றிப் பாட்டுமில்லை.

மட்டக்களப்பிலே கூத்து பாரதக் கதையைச் சுமந்தது போல, மன்னாரிலே அது கத்தோலிக்க சமயக் கதைகளைச் சுமந்தது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இருவகை நாடகங்களும், அவற்றிற் சுருங்கிய வாசாப்பும் அங்கு வழங்கின. புனிதர் வரலாறுகளும், பாலன் இயேசுவைக் காண வந்த மூன்று அரசர் கதையும், ஞானசவுந்தரி கதையும் தமிழ் விருத்தத்திலும் சிந்திலும் அமைந்து பாடப்பட்டன. சமயம் புதிது, வடிவம் பழையது. இசுலாமியரிடையேயும் அலிபாதுஷா நாடகம் போன்ற நூல்கள் எழுந்தமை இவ்வடிவத்தின் நெகிழ்ச்சியைக் காட்டும். உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா பாரதக் கதையோடு பிணைந்து தீமிதிப்பில் நிறைவெய்துகிறது. ஆகவே புத்தளக் கரையின் வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு சமயத்தவர், தத்தம் கதைகளை ஆடியும் பாடியும் காத்து வந்தனர் எனலாம்.

இனி, இக்கரையின் மொழி நிலையை நோக்குதல் வேண்டும். கற்பிட்டியிலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் தமிழ் நெடுங்காலம் வழங்கியது. ‘தமிழ் புளூராக்’ என்னும் புலவர் வரலாற்று நூலை 1859 இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) பிறந்த ஊர் கற்பிட்டியே. தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து ஆங்கிலத்தில் உலகுக்கு அறிவித்த முதன் முயற்சிகளுள் ஒன்று இத்தீபகற்பத்தில் தோன்றிய ஒருவரால் நிகழ்ந்தது என்பது இக்கரைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். சிலாபத்துக்குத் தெற்கே வாழ்ந்த கத்தோலிக்க மீனவ மக்கள் பலர் தமிழும் சிங்களமும் ஒருங்கே பேசினர். கோவாவிலிருந்து 1705 இல் வந்து, 1742 இல் நீர்கொழும்புக்கு வடக்கே போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இரு மொழியிலும் சமய நூல்கள் செய்தது இந்நிலைக்குத் தக்க சான்று.

இவ்விருமொழிக் கரையிலே தமிழ்க் கூத்து சிங்கள நாடகமாயிற்று. சிங்களத்தில் ‘நாடகம’ என்று வழங்கும் நாட்டார் நாடக வகை, தென்னிந்தியத் தெருக்கூத்து மரபிலிருந்து கத்தோலிக்கத் தமிழ் நாடகங்களின் வழியாகப் பிறந்ததென்பது பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரா (1914–1996) நிறுவிய கருத்து. சிங்கள நாடகமவின் மிகப் பழைய படைப்புகளுள் ஒன்றான மூன்று அரசர் நாடகம் சிலாபத்துக் கபிரியேல் பெர்னாந்து என்பாரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அதே கதையை மன்னார்த் தமிழர் ‘மூவிராசாக்கள் நாடகம்’ என ஆடினர். கதை ஒன்று, கரை ஒன்று, மொழி இரண்டு. சொற்களும் சான்று பகர்கின்றன. இன்னிசை, விருத்தம், கோணங்கி முதலிய தமிழ்ச் சொற்கள் சிறிது உருத்திரிந்து சிங்கள நாடகமவில் நின்று நிலவுகின்றன. அதற்கு அடிக்கும் மத்தளத்தைச் சிங்கள மக்கள் ‘தெமள பெரய’, அதாவது தமிழ்ப் பறை, என்றே அழைத்தனர். கொடுத்தவரைக் கொண்டவர் மறக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

காலப்போக்கிலே சிங்கள நாடகம தெற்கே பரவி, அம்பலாங்கொடை முதலிய இடங்களிலும் வேரூன்றிற்று. பின்னர் வந்த நூர்த்தி என்னும் புதுவகை நாடகத்தின் கவர்ச்சியால் மங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முதிய குருமார் சிலரே அதனை அறிந்திருந்தனர். அவ்வேளையிற்றான் சரச்சந்திரா அதனைத் தேடிச் சென்றார். அம்பலாங்கொடை சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்னும் நாடகம ஆசிரியரைத் துணைக்கொண்டு, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரை நடிகராக்கி, சாதகக் கதையொன்றைத் தழுவிய ‘மனமே’ என்னும் நாடகத்தை ஆக்கினார். 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அது மேடையேறிற்று. சிங்கள நாடக வரலாற்றில் அந்நாள் ஒரு திருப்பம் என்பதை எல்லோரும் ஒப்புவர். 1961 இல் ‘சிங்கபாகு’ வந்தது. ஈண்டு கருதத்தக்கது யாதெனின், நாட்டார் நாடகத்தை மீட்டெடுத்த அரங்கு தொழில்முறை நாடகக் குழுவினது அன்று, மாணவரது என்பதே. கற்கும் பிள்ளைகளே பழைய குருவிடம் ஆட்டம் பழகினர். கல்வி நிலையமே களரியாயிற்று.

‘மனமே’ பேராதனையிலிருந்த தமிழ் அறிஞரையும் சிந்திக்க வைத்தது. சிங்களவர் தேடியெடுத்த வடிவத்தின் தாய்வடிவம் தமிழரிடையே அன்றும் உயிரோடிருந்தது. மட்டக்களப்பிலே அது அழிந்த கலையன்று. அவ்வாண்டு அறுவடைக்குப் பின்னும் ஆடப்பட்ட கலை. எனினும் படித்த தமிழரோ அதை நாட்டுப்புறத்தார் பொழுதுபோக்கென ஒதுக்கி வைத்திருந்தனர். கல்லூரிப் பரிசளிப்பு விழாக்களில் ஆங்கில நாடகங்களும், பம்மல் சம்பந்த முதலியார் வழிவந்த உரைநடை நாடகங்களும் மதிப்புப் பெற்ற காலம் அது. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் அத்துறையில் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் அம்மேடையில் அண்ணாவியாருக்கு இடமிருக்கவில்லை.

அவ்விடத்தை அளித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989). இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளுக்குச் சென்று கூத்துகளைக் கண்டார். அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த நாடகங்களைப் பதிப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962 இலும், ‘என்றீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964 இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966 இலும், ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967 இலும் அச்சேறின. சிலாபக் கரையிற் சிங்களமான மூன்று அரசர் கதையின் தமிழ் வடிவம் இவ்வாறு நூலாகிக் கற்றோர் கைக்கு வந்தமை ஒரு வட்டம் நிறைவுற்றமை போன்றதாம்.

பதிப்பினும் பெரிது மேடையேற்றம். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு வரவழைத்து, மாணவருக்கு வடமோடி ஆட்டம் பழக்கி, 1962 இல் ‘கர்ணன் போர்’ மேடையேற்றப்பட்டது. 1963 இல் ‘நொண்டி நாடகம்’, 1964 இல் ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலிவதை’ என்பன தொடர்ந்தன. ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர்ப் பேராசிரியராகி மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூல் செய்ததோடு, அந்நாடகத்தைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் திருத்தி மேடையேற்றினார். வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் அவர் கற்றவர் என்பதும் கருதத்தக்கது. கூத்து வாழ்ந்த ஊரின் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிள்ளைகள், அண்ணாவியாரின் மொழியைப் பேராசிரியருக்கும், பேராசிரியரின் நோக்கத்தை அண்ணாவியாருக்கும் உணர்த்தும் பாலமாயினர்.

இம்மேடையேற்றங்களில் மாற்றப்பட்டவை எவை, காக்கப்பட்டவை எவை என்பதை ஆராய்தல் பாடசாலை ஆசிரியர்க்குப் பெரும்பயன் தரும். இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து ஒரு மாலைப் பொழுதிற்குள் அடங்கச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் சபை சூழ்ந்த வட்டக் களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிய நிலை மாறிப் பெண்களே ஏற்றனர். ஒரே தருவைப் பலமுறை மடக்கிப் பாடுதல் குறைந்தது. சொற்கள் சபைக்குத் தெளிவாக விளங்குமாறு பாடப்பட்டன. இவை மாற்றங்கள். மத்தளமும் தாளமும், வரவுப் பாட்டும் ஆட்டமும், பிற்பாட்டுக்காரரும், அனைத்துக்கும் மேலாக அண்ணாவியாரும் மேடையை விட்டு நீங்கவில்லை. இவை காக்கப்பட்டவை. காலத்தையும் இடத்தையும் மாற்றலாம். கற்பிக்கும் முறையையும் கற்பிப்பவரையும் நீக்கலாகாது என்பதே அம்முயற்சி விட்டுச்சென்ற பாடம் எனத் துணியலாம்.

பல்கலைக்கழகத்தில் எழுந்த ஊக்கம் பாடசாலைகளுக்கும் பரவிற்று. கலைக்கழக நாடகக் குழு பாடசாலைகளிடையே நாட்டுக்கூத்துப் போட்டிகளை நடத்தியது. ஊர்ப் பெரியவர்களுக்கு உரியதாயிருந்த கலை, சீருடை அணிந்த சிறுவர் கையில் வந்தது. 1978 இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் அமைத்த நாடக அரங்கக் கல்லூரி, நாடகத்தைக் கல்வியின் பகுதியாகக் கொள்ளும் நோக்கை வலுப்படுத்திற்று. நாடகமும் அரங்கியலும் பொதுத் தேர்வுக்குரிய பாடமாயின. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் கூத்துக்கு இடம் வகுக்கப்பட்டது. இன்று இலங்கையில் ஒரு பிள்ளை கூத்தை முதன்முதற் காணும் இடம் கோயில் வீதியாகவோ மாதா கோயில் முற்றமாகவோ இருப்பதினும், பாடசாலை மண்டபமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

இவ்வளர்ச்சியால் விளைந்த நன்மை வெளிப்படை. விளைந்த இழப்பும் உண்டு. போட்டி மேடை நிமிடக் கணக்கில் நேரம் வகுக்கின்றது. அந்நேரத்துள் அரசன் வரவேண்டும், போர் நிகழவேண்டும், மங்களம் பாடவேண்டும். விளைவு யாதெனின், நடுவர் கண்ணைக் கவரும் சுழற்சியாட்டமும் பளபளக்கும் உடையும் முன்னிற்க, பாத்திரத்தின் துயரம் பின்தள்ளப்படுகின்றது. கர்ணன் தன் பிறப்பை அறிந்தும் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கக் களம் புகுகின்றான். அவன் மனம் படும் பாட்டைச் சபை உணர நேரம் வேண்டும். ஊர்க் களரியில் அதற்கு ஓர் இரவு இருந்தது. பேராதனையில் ஒரு மாலை இருந்தது. போட்டியில் சில கணங்களே எஞ்சுகின்றன. மேலும், போட்டிக்குச் சில கிழமைகள் இருக்கையில் ஒருவரை அழைத்து அடவு மட்டும் பழக்கி அனுப்பும் வழக்கம், பல மாதக் கல்வியாகிய கூத்தை ஒரு நாள் அலங்காரமாக்கி விடுகின்றது. கேடயம் கிடைத்த பின் அப்பாட்டைப் பிள்ளைகள் மறுபடி பாடுவதில்லையாயின் கூத்துப் பாடசாலைக்கு வந்தது என்பது பெயரளவே ஆகும்.

பாடசாலைகள் கூத்தைத் தொடாதிருந்திருப்பின் அது தூய்மையாய் வாழ்ந்திருக்கும் என்பார் கூற்றும் ஆராயத்தக்கது. ஊர் வாழ்வு மாறிற்று. இளைஞர் வேலை தேடிப் பட்டினம் சென்றனர். பல்லாண்டுப் போர் கிழக்கிலும் வடக்கிலும் இரவுக் கூட்டங்களையே அரிதாக்கிற்று. அந்நிலையிலே சுருங்கிய வடிவிலேனும் கூத்தைத் தாங்கிய இடங்களுள் பாடசாலையும் ஒன்று. ஆதலின் வினா, கூத்து பாடசாலைக்கு வரலாமா என்பதன்று. வந்த கூத்து கல்வியாக நிற்குமா, காட்சியாகக் கழியுமா என்பதேயாம்.

இவ்வினா புத்தளக் கரையிலே தனிப்பொருள் பெறுகின்றது. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இக்கரைக்கு வந்து தங்கினர். அவர்களுக்கு இடந்தந்த ஊர்களுள் ஆலங்குடாவும் ஒன்று. பழங்குடிகளும் வந்தேறிய குடும்பங்களும் ஒரே கிணற்று நீரையும் ஒரே வகுப்பறையையும் பகிர்ந்து வாழ வேண்டிய நிலை ஏற்பட்டது. தீபகற்பத்திலே முஸ்லிம்களோடு கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும் வாழ்கின்றனர். இத்தகைய சூழலில் பாடசாலை மேடையேறும் நாடகம் யாருடைய கதையைச் சொல்லும், யாருடைய பாட்டைப் பாடும் என்பது எளிய வினாவன்று. ஒரு சாராரின் கதையைத் தெரிந்தால் மறுசாரார் ஒதுங்கி நிற்பர் என்று அஞ்சி, எவர்க்கும் வேரில்லாத ஒரு நாடகத்தை ஆடி முடிப்பதும் உண்டு.

வரலாறோ வேறு வழியைக் காட்டுகின்றது. மட்டக்களப்பில் பாரதத்தையும், மன்னாரில் புனிதர் வரலாற்றையும், இசுலாமியரிடையே அலிபாதுஷாவின் கதையையும், பேராதனையில் புத்த சாதகத்தையும் தமிழ் நாடக மரபும் அதன்வழி வந்தவையும் தாங்கி நின்றன. வடிவத்தைத் தந்தவர் தம் கதையைத் திணிக்கவில்லை. கொண்டவர் தம் கதையைக் கைவிடவுமில்லை. ஆகவே கூத்து ஒரு சமயத்தின் தனியுடைமை என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவ்வடிவம் மொழி கடந்து சென்ற வழி புத்தளக் கரையே ஆதலால், இக்கரைப் பாடசாலைகள் கூத்தை ஆடுவது மட்டக்களப்பிலிருந்து ஒரு பொருளை இரவல் வாங்குவதன்று. தம் முற்றத்தின் வழியே சென்ற ஒன்றை மீண்டும் முற்றத்துக்கு அழைப்பதாகும்.

அதற்குப் பொருட்செலவு பெரிதன்று. ஒரு மத்தளம், ஒரு சோடித் தாளம், ஆண்டின் முதற்றவணையிலிருந்து கிழமைக்கு ஒரு மாலை, பாடத் தெரிந்த ஒரு முதியவர் என்பன போதும். சான்றிதழ் இல்லாதவர் என்பதால் அம்முதியவர் வாயிற்படியில் நிறுத்தப்படலாகாது. பேராதனையில் பட்டதாரி மாணவர் முன் செல்லையா அண்ணாவியார் ஆசிரியராய் நின்றார்; அம்பலாங்கொடை குருநான்சே சிங்கள மாணவர்க்கு ஆசிரியராய் நின்றார். அதனாற் பல்கலைக்கழகம் பெருமையில் குறையவில்லை. சட்டங் கொடுக்கும் நாளன்று பிள்ளையின் குரலையும் உடலையும் குணத்தையும் அளந்து பாத்திரம் வகுக்கும் அண்ணாவியாரின் கண், கல்விக் கலையிலே தேர்ந்த ஆசிரியர் எவரும் விரும்பிக் கற்கத்தக்க திறனாகும். பாடத்தில் பின்னிற்கும் பிள்ளை தாளத்தில் முன்னிற்பதைக் காணும் வாய்ப்பும் அவ்வாறே ஆசிரியர்க்குக் கிடைக்கும்.

சுருங்கக் கூறின், தமிழ்க் கூத்து இக்கரை வழியே சிங்களவரிடம் சென்றது; அவர்தம் கல்வி நிலையத்தில் புத்துயிர் பெற்று, தமிழரைத் தம் செல்வத்தை நோக்கித் திரும்பச் செய்தது; பேராதனையிலிருந்து பாடசாலைகளுக்கு இறங்கி வந்தது. இந்நெடும் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அதனைக் காத்தவர்கள் கற்பிக்க மனங்கொண்ட ஒரு முதியவரும் கற்க மனங்கொண்ட இளையோரும் ஆவர். அவ்விருவரையும் ஓரிடத்திற் கூட்டும் ஆற்றல் இன்று பாடசாலைக்கே பெரிதும் உண்டு. போட்டிக்குரிய சில நிமிடங்களுக்கு அப்பால் அதற்கென ஒரு மாலையை ஒதுக்கும் பாடசாலை, ஒரு கலையைக் காப்பதோடு நில்லாது, வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளை ஒரே தாளத்துக்கு அடியெடுத்து வைக்கவும் பழக்கும்.